வீட்டு லேத்தைச் சுத்தமாக வைப்பது: தூளும் தண்ணீரும் செய்யும் வேலை

உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத்தை, வேலை முடிந்து நிறுத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்த பிறகு, வெட்டும் டூலைத் தாங்கி நகரும் கேரேஜை, மறுகோடியில் இருக்கும் டெயில் ஸ்டாக் பக்கமாகத் தள்ளிவிடுங்கள். பொருளைப் பிடித்துச் சுழலும் சக்குக்கு நேர் கீழே இருக்கும் பெட்டை, அதாவது கேரேஜ் ஓடும் நீளமான தளத்தை, ஒரு வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணியில் கருப்பாக ஒரு பசை ஒட்டும். அந்தப் பசையில் கொஞ்சம் எடுத்து இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தித் தேய்த்தால் நெருநெருவென்று சத்தம் கேட்கும். உப்புத்தாளின் மணலோ கிரைண்டர் தூளோ அதில் கலந்திருந்தால் கண்ணாடியில் கீறலே விழும். கேரேஜை முன்னும் பின்னும் ஓட்டும் ஒவ்வொரு முறையும் பெட்டின் மேல் நடப்பது இதே தேய்ப்புதான்.

புதிதாக லேத் வாங்கி வீட்டுக் கொட்டகையில் போட்டவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எதை வைத்துத் துடைப்பது, எந்த ஸ்ப்ரே வாங்குவது என்பதைத்தான். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. மெஷினைக் கெடுக்கும் அழுக்கு இரண்டே வகை. ஒன்று, உரசி நகரும் இரண்டு பரப்புகளுக்கு நடுவில் போகும் கடினமான தூள். இன்னொன்று, வெறும் இரும்பின் மேல் தங்கும் ஈரம். பெயின்ட் அடித்த உடம்பில் எண்ணெய்க் கறை இருந்தால் லேத்துக்கு ஒரு கேடும் இல்லை. தட்டில் சுருள் குவிந்து கிடப்பதும் பார்க்க அசிங்கமே தவிர, உடனே எதையும் கெடுக்காது. தூள் எங்கே நுழையும், ஈரம் எங்கே நிற்கும் என்று தெரிந்துவிட்டால் எங்கே துடைப்பது என்பது தானே விளங்கிவிடும்.

முதலில் தூள். கேரேஜ் பெட்டின் மேல் இரும்போடு இரும்பாக உட்கார்ந்திருப்பதில்லை. நடுவில் எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது, அதன் தடிமன் சில மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள்கூட அந்தப் படலத்தைத் தாண்டி இரண்டு பரப்பையும் தொட்டுவிடும்.

இங்கே பலர் எதிர்பார்க்காத ஒரு விஷயம் நடக்கிறது. "என் லேத்தின் பெட் ஹார்டனிங் செய்து கடினமாக்கியது, அதற்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்வார்கள். கேரேஜின் அடிப்பகுதி பெரும்பாலும் சாதாரண வார்ப்பிரும்பு. கடினமான துகள் பொதுவாக மென்மையான பக்கத்தில் போய்ப் புதைந்துகொள்ளும். புதைந்தபின் அது நகராது, எதிரே இருக்கும் கடினமான பக்கத்தை உளிபோலச் சீவும். லேப்பிங் செய்பவர்கள் வேண்டுமென்றே இதைத்தான் செய்கிறார்கள். மென்மையான வார்ப்பிரும்புத் தட்டில் பொடியைப் பதித்து, அதனால் கடினமான எஃகைத் தேய்க்கிறார்கள். நம் லேத்தில் நாம் கேட்காமலே அது நடக்கிறது.

இந்தத் தேய்மானம் பெட் முழுக்கச் சமமாக வராது. சீவல் விழுவது சக்குக்கு அருகில், நாம் அதிகம் வேலை செய்வதும் அங்கேதான். நம் ஊர்ப் பட்டறைகளில் காணும் நாலரை அடி, ஆறடி லேத்துகளில் பழையது எதையாவது பார்க்கப் போனால், சக்கை ஒட்டிய ஓரடி பெட்டையும் டெயில் ஸ்டாக் மூலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கையால் ஸ்க்ரேப்பிங் செய்த, அதாவது சுரண்டிச் சமமாக்கிய பெட் என்றால், கடைசி மூலையில் அந்தப் பிறை வடிவ அடையாளங்கள் அப்படியே இருக்கும், சக்குப் பக்கம் மழுங்கிப் போயிருக்கும். கேரேஜின் ஆட்டத்தைக் குறைக்க இறுக்கும் பட்டையான ஜிப்பை சக்குப் பக்கத்தில் சரியாக இறுக்கி வைத்துவிட்டு மறுமூலைக்கு ஓட்டினால் இடையில் எங்கோ இறுகி நிற்கும். அப்படிப்பட்ட லேத்தில் நீளமான ராடைக் கடைந்தால் ஒரு முனையில் ஓர் அளவும் மறுமுனையில் இன்னோர் அளவும் வரும். அதைத் திரும்பச் சரி செய்ய பெட்டையே கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டியிருக்கும். வீட்டுப் பட்டறைக்காரரில் எத்தனை பேருக்கு அது முடியும்? அதனால்தான் தினமும் பத்து நிமிடம் செலவழிக்கச் சொல்கிறேன்.

எந்த உலோகம், எந்தத் தூள்

எல்லாச் சீவலும் ஒன்றல்ல. மைல்ட் ஸ்டீல் நீளமான சுருளாக வரும். சூட்டில் நீலம் பாய்ந்து அழகாக இருக்கும், ஓரம் பிளேடு மாதிரி. இது மெஷினைவிட நமக்குத்தான் ஆபத்து. ஓடும்போது ஒருபோதும் தொடக் கூடாது. நிறுத்திய பிறகும் கையால் இழுக்காமல், கம்பியை வளைத்துச் செய்த கொக்கியால் இழுங்கள். ஓடும் லேத்தருகே கையுறை போடவே வேண்டாம். சுருள் கையுறையில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பித்தளை ஊசி ஊசியாகத் தெறிக்கும், கண்ணாடி அணியாமல் அதன் பக்கத்தில் நிற்காதீர்கள். அலுமினியம் டூலின் முனையில் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டுக் கடைந்தால் ஒட்டாது.

வார்ப்பிரும்புதான் நான் மிகவும் பயப்படுவது. அது சுருளாக வராது, கரித்தூள்போல உதிரும். அதில் இருக்கும் கிராஃபைட்தான் கையெல்லாம் கருப்பாக்குகிறது. இந்தத் தூள் எண்ணெயோடு சேர்ந்தால் பசையாகி, கேரேஜ் ஓரத்தில் தூளை வழிக்கும் வைப்பரின் அடியில், கேரேஜை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவின் பற்களில், டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் இடுக்கில் என்று எல்லா இடத்துக்கும் போகும். போதாததற்கு, வார்த்த பொருளின் மேல்தோலில் அச்சு மணல் ஒட்டியிருக்கும். பம்ப் உடலோ பழைய புல்லியோ, முதல் வெட்டில் உதிர்வது இரும்போடு மணலும்தான். அதனால் வார்ப்பிரும்பு வேலைக்கு முன் பெட்டில் இருக்கும் எண்ணெயைத் துடைத்துவிட்டு மெல்லிய படலம் மட்டும் விடுங்கள், பெட்டின் மேல் ஓர் அட்டையை வையுங்கள், வெட்டும் இடத்தைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்ட் இல்லாமல் உலர்வாகவே கடையுங்கள். வேலை முடிந்ததும் முதலில் வேக்குவம் கிளீனரால் தூளை உறிஞ்சி எடுங்கள். துணியைத் தொடுவது அதற்குப் பிறகுதான். முதலிலேயே எண்ணெய்த் துணியால் துடைத்தால் தூளை நாமே பசையாகக் குழைத்து இடுக்குகளில் பூசுகிறோம் என்று அர்த்தம்.

இரும்பைவிட மோசமானது உப்புத்தாள். கடைந்த பொருளுக்குக் கடைசியில் எமரித் தாள் பிடித்துப் பளபளப்பாக்குவது எல்லோரும் செய்வதுதான். எமரியிலும் கிரைண்டிங் வீலிலும் இருக்கும் அலுமினியம் ஆக்ஸைடின் கடினம், வைரத்துக்கு 10 என்று வைக்கும் அளவுகோலில் 9. அது பெட்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். எமரி பிடிக்கும் முன் பெட்டையும் கிராஸ் ஸ்லைடையும் செய்தித்தாளாலோ அட்டையாலோ மூடுங்கள். துணியால் மூட வேண்டாம், சக்கில் மாட்டினால் ஆபத்து. முடிந்ததும் தாளை மடித்து அப்படியே வெளியே எடுங்கள். பெஞ்ச் கிரைண்டரை லேத் இருக்கும் மூலையில் வைக்காதீர்கள். இடமே இல்லை என்றால் கிரைண்டர் ஓடும் நேரத்தில், நிறுத்தி வைத்த லேத்தைப் பருத்தித் துணியால் போர்த்துங்கள்.

காற்று அடிப்பது பற்றி

கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் ஏர் கன்னை எடுத்து ஒரு நிமிடத்தில் லேத்தைச் சுத்தம் செய்துவிடுவார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். தூள் எங்கே போனது? பாதி தரைக்கு, மீதி வைப்பருக்கு அடியில், ஜிப்பின் இடுக்கில், மோட்டாருக்குள், சக்கைச் சுழற்றும் ஹெட் ஸ்டாக் பேரிங்கின் சீல் ஓரத்தில். விழுந்த இடத்தில் சும்மா கிடந்த தூளை, அது போகக் கூடாத இடத்துக்கு நாமே ஊதி அனுப்புகிறோம். கண்ணுக்கும் ஆபத்து. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியில், சுத்தம் செய்யும் காற்றின் அழுத்தம் 30 பிஎஸ்ஐக்குக் கீழே இருக்க வேண்டும், தெறிக்கும் சீவலுக்குத் தடுப்பும் வேண்டும் என்று இருக்கிறது. நம் கம்ப்ரசர்கள் சாதாரணமாக அதைவிட மூன்று நான்கு மடங்கு அழுத்தத்தில் நிற்பவை. மெஷினிலிருந்து கழற்றி வெளியே எடுத்த பாகத்துக்குக் காற்று அடியுங்கள், தவறில்லை. மெஷினில் வேண்டாம்.

காற்றுக்குப் பதில் இரண்டு இஞ்ச் பெயின்ட் பிரஷ் போதும். கம்பி பிரஷ் ஆகாது. மேலிருந்து கீழாக வாருங்கள்: முதலில் சக்கு, பிறகு டூல் போஸ்ட், கிராஸ் ஸ்லைடு, கடைசியில் பெட். பிரஷ் ஓட்டும் திசை எப்போதும் கேரேஜை விட்டு விலகிப் போக வேண்டும், கேரேஜை நோக்கித் தள்ளக் கூடாது. இரும்புத் தூளுக்கு ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒற்றி எடுத்தால், பையை உள்வெளியாகத் திருப்பும்போது தூள் மொத்தமும் பைக்குள் வந்துவிடும். பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் அது உதவாது.

பிரஷ் முடிந்ததும் பனியன் வேஸ்ட், அதாவது பனியன் துணித் துண்டுகளால் துடையுங்கள். நூல் வேஸ்டைவிட இது நல்லது, நூல் பிரிந்து ஸ்க்ரூவில் சுற்றாது. சீவல் ஒட்டிய துணியை மறுபடி பயன்படுத்தாதீர்கள், அது உப்புத்தாளுக்குச் சமம். பசை இறுகியிருந்தால் மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் துடைக்கலாம். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், சாதாரண அறை வெப்பத்திலேயே அதன் ஆவி ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெயால் துடைத்த இரும்பு எண்ணெய் இல்லாமல் வெறுமையாக நிற்கும், அதை அப்படியே விட்டால் சீக்கிரம் துருப்பிடிக்கும். உடனே எண்ணெய் பூசுங்கள். பெட்டுக்கென்றே விற்கும் ஸ்லைடுவே ஆயில், 68ஆம் எண், நல்லது. அந்த 68 என்பது 40 டிகிரி வெப்பத்தில் எண்ணெயின் பாகுத்தன்மையைக் குறிக்கும் எண். பெட்டை விட்டு வழிந்து ஓடாமல் ஒட்டி நிற்பதற்கும் அதில் மருந்து கலந்திருக்கும்.

நிறையப் பேர் டபிள்யூ டி 40 ஸ்ப்ரேயை அடித்துவிட்டு எண்ணெய் விட்டாயிற்று என்று நினைக்கிறார்கள். 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நீரை வெளியேற்றுவதற்காக உருவாக்கப்பட்டது அது. பெயரே "நீரை அகற்றுதல், 40ஆவது முயற்சி" என்பதன் சுருக்கம். அட்லஸ் ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமல் இருக்கப் பயன்பட்டது. ஈரத்தை விரட்டவும் பசையை இளக்கவும் நல்ல பொருள்தான். ஆனால் அதிலிருக்கும் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும், மீதி நிற்கும் படலம் கேரேஜின் எடையைத் தாங்காது. அடித்துத் துடைத்த பிறகு எண்ணெய் தனியாக விட்டே ஆக வேண்டும்.

வைப்பரும் சக்கும்

கேரேஜின் இரண்டு பக்கமும் பெட்டை ஒட்டி ஒரு கம்பளித் துண்டோ ரப்பரோ திருகி வைத்திருப்பார்கள். அதுதான் வைப்பர். தூள் உள்ளே போகாமல் வழித்துத் தள்ளுவது அதன் வேலை. லேத் வாங்கிப் பல வருடமாகியும் அதைக் கழற்றியே பார்க்காதவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் இருந்தேன். முதல்முறை கழற்றியபோது கம்பளி முழுக்கச் சீவல் குத்தி நின்றது, அரம்போல. தூளைத் தடுக்க வைத்த துண்டே பெட்டைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து, எண்ணெயில் ஊறவைத்து மாட்டுங்கள். கம்பளி கெட்டியாகிவிட்டால் புதிதாக வெட்டிப் போடுங்கள், சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஃபெல்ட் துண்டுதான்.

சக்குக்குள் ஒரு சுருள் தட்டு இருக்கிறது. சாவியைத் திருப்பினால், பொருளைக் கவ்வும் மூன்று ஜாவையும் ஒன்றாக நகர்த்துவது அதுதான். தூள் அதில் அடைந்தால் சாவி கனமாகும், ஜா சரியாகப் பிடிக்காது. ஜாக்களிலும் அவை நுழையும் பள்ளங்களிலும் 1, 2, 3 என்று எண் இருக்கும். கழற்றி, பள்ளத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, அந்த எண் வரிசையிலேயே மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் மூன்றும் நடுவில் சேராது. உள்ளே கிரீஸை அள்ளிப் பூசாதீர்கள், கிரீஸ் தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய எண்ணெய் போதும்.

சக்கை, அதைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலிலிருந்து கழற்றி மாட்டும்போது ஒரு சின்னச் சீவல் செய்யும் வேலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சக்கு உட்காரும் முகத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். அதன் ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் சீவல் மாட்டிக்கொண்டது. சக்கு அந்த அளவுக்குச் சாய்ந்து நிற்கும். சக்கிலிருந்து 200 மில்லிமீட்டர் தள்ளி அந்தச் சாய்வு 0.1 மில்லிமீட்டர் விலகலாகிவிடும். ஒரு சுற்றுச் சுற்றினால், விலகலை அளக்கும் டயல் 0.2 மில்லிமீட்டர் காட்டும். இதற்கு லேத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மாட்டும் முன் இரண்டு முகத்தையும் துணியால் துடைத்து, பிறகு சுத்தமான கட்டைவிரலால் ஒரு தடவு தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூள் விரலுக்குத் தெரியும். டெயில் ஸ்டாக்கில் இருக்கும் கூம்புத் துளையான டேப்பருக்கும் இதே கதைதான். சக்கைக் கழற்றும்போது பெட்டின் மேல் ஒரு மரப்பலகை வைத்துக்கொள்ளுங்கள், கை நழுவினாலும் பெட்டில் பள்ளம் விழாது.

டிரில்லிங் மெஷினும் மில்லிங் மெஷினும் இருந்தால் இதே வழிதான். டேபிளின் டி-பள்ளத்தில் சீவல் சேர விடாதீர்கள், பொருளைக் கவ்விப் பிடிக்கும் வைஸை வைக்கும் முன் அடியைத் தடவிப் பாருங்கள்.

ஈரம்

குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியே வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். லேத்தும் வேர்க்கும். இரவெல்லாம் குளிர்ந்த நூற்றுக்கணக்கான கிலோ இரும்பு, காலையில் கதவைத் திறந்ததும் நுழையும் ஈரக் காற்றைத் தொடும்போது கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அதில் படியும். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று கூடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நம் ஊரில் அதற்குக் கீழே வருவதே அபூர்வம். கடற்கரை ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. நம் கையின் வியர்வையிலும் அதே உப்பு இருக்கிறது. எண்ணெய் இல்லாத பெட்டில் கை வைத்துவிட்டுப் போனால் மறுநாள் ஐந்து விரலும் துருவாகத் தெரிவது அதனால்தான்.

மழைக்காலத்தில் பிளாஸ்டிக் ஷீட்டால் லேத்தை இறுக மூடுவார்கள். ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், திறந்தால் பெட் பழுப்பாக இருக்கும். எண்ணெய் பூசி, பழைய பருத்திப் போர்வையோ வேட்டியோ போர்த்துங்கள், காற்று போய் வரட்டும். கூரை ஒழுகும் என்றால் ஷீட்டை லேத்தைத் தொடாமல் மேலே பந்தல்போலக் கட்டுங்கள்.

ஆயுத பூஜை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வருடத்தில் ஒருநாள் எல்லாப் பட்டறையிலும் மெஷினைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு நிறுத்துகிறோம். என் லேத்துக்கும் செய்கிறேன், அந்த நாள் எனக்கு முக்கியமானது. சந்தனமும் குங்குமமும் தண்ணீரில் குழைத்தவை, எலுமிச்சையின் சாறு அமிலம். பெட்டின் மேலோ சக்கின் மேலோ வைத்தால் மறுநாள் கழுவினாலும் தடம் போகாது. பொட்டைப் பெயின்ட் அடித்த ஹெட் ஸ்டாக்கிலும் மூடியிலும் வையுங்கள். எலுமிச்சையைக் கீழே ஒரு தட்டில் வையுங்கள். மாலையின் ஈரம் சொட்டாமல் உதறிப் போடுங்கள். பூஜை வருவது புரட்டாசியை ஒட்டி, அடுத்த சில வாரங்களில் மழை தொடங்கிவிடும். பூஜைக்கு என்று பாகம் பாகமாகக் கழற்றிச் சுத்தம் செய்யும்போதே எண்ணெயும் நன்றாக விட்டுவிட்டால் மழைக்காலத்துக்கும் அது உதவும்.

கூலன்ட் தொட்டி வீட்டு லேத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பால்போன்ற அந்தக் கலவையில் சாதாரணமாக ஒரு பங்கு எண்ணெய்க்கு 20 பங்கு தண்ணீர். தினமும் ஓடும் தொழிற்சாலையில் அது சுழன்றுகொண்டே இருக்கும். வாரம் ஒருநாள் வேலை செய்யும் நம் தொட்டியில் மேலே எண்ணெய் மிதந்து மூடிக்கொள்ள, அடியில் காற்றில்லாமல் வாழும் கிருமிகள் பெருகி அழுகிய முட்டை வாசனை வரும். கட்டிங் ஆயிலைச் சின்னப் பிரஷால் தொட்டு வைத்தாலே வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் போதும். கூலன்ட்தான் வேண்டும் என்றால், தண்ணீரை முதலில் எடுத்து அதில் எண்ணெயை ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றினால் திரிந்துபோகும். வேலை முடிந்த அன்றே பெட்டை உலரத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

வீடு பக்கத்தில்தான் இருக்கிறது

எண்ணெய்த் துணிகளை மூலையில் குவிக்காமல், மூடி போட்ட தகர டின்னில் போடுங்கள். மரவேலைக்குப் பயன்படும் ஆளிவிதை எண்ணெய்த் துணி அதில் கலந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், அதை விரித்துக் காயவைத்துத் தனியாக அப்புறப்படுத்துங்கள். அலுமினியத்தையும் இரும்பையும் ஒரே கிரைண்டரில் பிடிக்காதீர்கள். அலுமினியத் தூளும் துருத் தூளும் சேர்ந்த கலவையில் பொறி விழுந்தால் தண்ணீராலும் அணைக்க முடியாத தீ வரும். கிரைண்டர் பொறி பறக்கும்போது வேக்குவம் கிளீனரை அருகில் ஓட்டவும் கூடாது.

நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பவர்கள். பட்டறைச் செருப்பின் அடியில் குத்திய ஒரு சுருள், கூடத்துத் தரைக்கு வந்து, தவழும் குழந்தையின் முழங்காலில் ஏறும். பட்டறைக்கென்று ஒரு ஜோடி ஷூவை ஒதுக்குங்கள், அது வாசலைத் தாண்டி உள்ளே வரவே கூடாது. வாசலில் தேங்காய் நார் மிதியடி ஒன்று போட்டு, வாரம் ஒருமுறை வெளியே கொண்டுபோய் உதறி, அதன் மேல் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். முதல் வாரம் எவ்வளவு ஒட்டுகிறது என்பதைப் பார்த்தால் வீட்டில் இருப்பவர்களையும் கூப்பிட்டுக் காட்டத் தோன்றும். வேலை உடுப்பை உதறிவிட்டுத் தனியாகத் துவைக்க வேண்டியதும் அப்போது புரியும்.